'தி மார்ஷியன்' படத்தில் அறிவியல் எவ்வளவு உண்மை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன் நான். மாணவர்களோடு 'தி மார்ஷியன்' படத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கேள்விகள் வந்து குவியும். அவற்றுக்குச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கதை முழுவதும் வெளிப்படும் என்பதால், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

பார்த்து நாளானவர்களுக்காகக் கதைச் சுருக்கம்: செவ்வாயில் இறங்கிய ஆறு பேர் கொண்ட குழு, புயலில் சிக்கி அவசரமாகக் கிளம்புகிறது. முறிந்து பறந்த ஆன்டெனா குத்தி வீழ்ந்த மார்க் வாட்னி இறந்துவிட்டதாக எண்ணி விட்டுச்செல்கிறார்கள். அவர் பிழைத்துக்கொள்கிறார். 31 நாளுக்கென்று கட்டிய கூடாரத்தில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் தனியாக உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறார். 2015இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய படம். ஆண்டி வியர் முதலில் தன் இணையதளத்தில் தொடராக எழுதி, 2011இல் தானே வெளியிட்ட நாவல் இதற்கு மூலம்.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: படத்தின் அறிவியல் சரியா, தவறா?

பெரும்பகுதி சரி. தவறுகளைப் பட்டியலிட்டுப் பார்த்தபோது எனக்கு ஒன்று புலப்பட்டது: பெரிய தவறுகள் ஏறக்குறைய எல்லாமே காற்றழுத்தம் பற்றியவை. செவ்வாயின் காற்று எவ்வளவு மெலிது என்பதைப் படம் அடிக்கடி மறந்துவிடுகிறது. உணவு, நீர், மின்சாரம், தூரம் என்று எண்ணிக் கணக்குப் போடும் இடங்களில் மட்டும் அநேகமாகத் தடுமாறுவதே இல்லை.

ஆளையே தூக்கி எறியும் அந்தப் புயல் செவ்வாயில் வருமா?

வராது. கதையே அந்தப் புயலில்தான் தொடங்குகிறது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

செவ்வாயின் தரையில் காற்றழுத்தம் சுமார் 6 மில்லிபார். நம் கடல்மட்டத்தில் 1013. காற்றின் அடர்த்தியும் பூமியில் இருப்பதில் அறுபதில் ஒரு பங்குதான். காற்று ஒரு பொருளைத் தள்ளும் விசை அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. நாவலில் புயலின் வேகம் மணிக்கு 175 கி.மீ. என்று வருகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், அந்த வேகத்தில் செவ்வாய்க் காற்று தள்ளும் விசை, பூமியில் மணிக்கு 22 அல்லது 23 கி.மீ. வேகத்தில் வீசும் காற்றின் விசைக்குச் சமம். சமதளத்தில் சைக்கிளை வேகமாக மிதிக்கும்போது முகத்தில் படுமே, அந்தக் காற்றுதான். அதில் ராக்கெட் சாயாது, ஆன்டெனா முறியாது, மனிதன் பறக்கமாட்டான். போதாததற்கு, உண்மையில் அங்கே வீசும் கடும் காற்றுகூட மணிக்கு 100 கி.மீ. அளவைத் தாண்டுவது அரிது.

இந்த மெலிந்த காற்றைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாயில் பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரின் காட்சிகளைப் பாருங்கள். அதன் எடை பூமியில் வெறும் 1.8 கிலோ. அதைத் தரையிலிருந்து எழுப்பவே இறக்கைகள் நிமிடத்துக்குச் சுமார் 2,400 முறை சுழலவேண்டியிருந்தது. இங்கே ஒரு சாதாரண ஹெலிகாப்டரின் இறக்கை நிமிடத்துக்கு ஐந்நூறு சுற்று சுற்றினாலே அதிகம்.

புயல் அப்படி இருக்காது என்பது தனக்குத் தெரியும் என்று வியரே பேட்டிகளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் அடியை இயற்கை கொடுக்கவேண்டும் என்பதற்காகத் தெரிந்தே வைத்தாராம். எனக்கு இதில் வருத்தம் உண்டு. இவ்வளவு கணக்குப் பார்க்கும் கதைக்கு இன்னொரு விபத்து கிடைக்காமலா போயிருக்கும்?

அப்படியானால் செவ்வாயில் புழுதிப்புயலுக்குப் பயப்படவே வேண்டாமா?

பயப்படவேண்டும், ஆனால் வேறு காரணத்துக்காக. அது வெயிலை மறைத்துவிடும். 90 நாள் பணிக்கென 2004இல் இறங்கிய ஆப்பர்சூனிட்டி ஊர்தி பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. 2018இல் கோளையே சுற்றி மூடிய புழுதியில் அதன் சூரியத் தகடுகளுக்கு ஒளி கிடைக்காமல் போனது. அந்த ஜூன் 10ஆம் தேதிக்குப் பிறகு அதனிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. நாவலில் வாட்னி நெடும்பயணம் போகையில், நாளுக்கு நாள் மின்சாரம் குறைவதைக் கவனித்து, தான் ஒரு புழுதிப்புயலுக்குள் நுழைந்துகொண்டிருப்பதைக் கண்டுபிடிப்பார். சத்தமே இல்லாத ஆபத்து. படத்தில் அந்தப் பகுதியை நீக்கிவிட்டார்கள். பொய்ப் புயலை வைத்துக்கொண்டு மெய்ப் புயலை விட்டுவிட்டார்களே என்று எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.

செவ்வாய் மண்ணில் உருளைக்கிழங்கு விளையுமா?

மண்ணைச் சரிசெய்தால் விளையலாம். பெருவின் லிமா நகரிலுள்ள பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம் நாசாவோடு சேர்ந்து இதைச் சோதித்தது. பெருவின் லா ஹோயா பாலைவனத்தின் வறண்ட உப்பு மண்ணை ஒரு மூடிய பெட்டியில் நிரப்பி, செவ்வாயின் சூழலை உள்ளே உண்டாக்கிக் கிழங்கை நட்டார்கள். முளைவிட்டதாக 2017இல் அறிவித்தார்கள்.

படத்தில் வராத சிக்கல் பெர்குளோரேட் என்ற உப்பு. 2008இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் அதைக் கண்டுபிடித்தது. மண்ணின் எடையில் அரை சதவீதம் முதல் ஒரு சதவீதம் வரை இருக்கலாம். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன் என்றால், அதில் ஏழெட்டு முதல் பதினைந்து கிலோ வரை. இது உடலுக்குள் போனால் தைராய்டு சுரப்பிக்கு அயோடின் சேரவிடாமல் தடுக்கும். நல்லவேளையாக நீரில் எளிதாகக் கரையும் உப்பு அது. மண்ணை அலசி, நீரை வடித்துச் சுத்தம் செய்து திரும்பவும் பயன்படுத்தலாம். வாட்னிக்கு நாட்கணக்கில் வேலை கூடியிருக்கும், அவ்வளவே.

நடும் காட்சி எனக்குப் பிடித்தது. சமையலறைக் கூடையில் முளைவிட்டுக் கிடந்த ஒரு கிழங்கை நானும் ஒருமுறை நட்டுப்பார்த்தேன். துண்டு ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணாவது இருக்கும்படி நறுக்கி, வெட்டுவாய் காய ஒரு நாள் நிழலில் வைத்து, மொட்டை மாடியில் சிமென்ட் சாக்கில் மண் நிரப்பிப் புதைத்தேன். இலை செழித்து வளர்ந்தது. தொண்ணூறு நாள் கழித்துச் சாக்கைக் கவிழ்த்தபோது கிடைத்தவை கோலிக்குண்டு அளவில் ஏழு கிழங்குகள். எங்கள் ஊர் இரவின் வெப்பத்தில் செடி வளரும், கிழங்கு திரளாது. இரவு வெப்பநிலை 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால்தான் நன்றாகத் திரளும். அந்த ஒரு விஷயத்தில், வெப்பத்தைத் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளக்கூடிய வாட்னியின் கூடாரம் என் மாடியைவிட நல்ல வயல்.

மனித மலத்தை உரமாகப் போடுவது ஆபத்தில்லையா?

பூமியில் ஆபத்து. பலருடைய கிருமிகள் பலருக்குப் போய்ச் சேரும். ஒருவர் தன் மலத்தையே தன் பயிருக்கு இட்டால் புதிய நோய் எதுவும் வந்துவிடாது. படத்தில் வாட்னி உறைநிலையில் உலர்த்திப் பொட்டலம் கட்டப்பட்ட நண்பர்களின் கழிவையும் எடுத்துக்கொள்கிறார். உலர்த்தினால் கிருமி செத்துவிடும் என்று நினைக்கவேண்டாம். ஆய்வகங்களில் பாக்டீரியாவைப் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்கவே இந்த உலர்த்தும் முறையைத்தான் கையாளுகிறார்கள். ஆனாலும் அந்த ஐவரும் பல மாதம் அவரோடு ஒரே கலத்தில், ஒரே காற்றை மூச்சுவிட்டு வாழ்ந்தவர்கள். கிழங்கையும் வேகவைத்துத்தான் தின்னப்போகிறார். எனவே பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. நைட்ரஜன் குறைந்த, நுண்ணுயிர் இல்லாத மண்ணுக்கு அந்த உரம் அவசியம்.

வெறும் கிழங்கைத் தின்று ஒருவர் எத்தனை நாள் வாழலாம்?

நூறு கிராம் உருளைக்கிழங்கில் ஏறத்தாழ 77 கலோரி. வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வேண்டும். அதாவது தினமும் இரண்டரை முதல் மூன்று கிலோ. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அயர்லாந்தின் கூலித் தொழிலாளர்கள் தினம் நான்கைந்து கிலோ கிழங்கும் மோருமாக வாழ்ந்தார்கள். பால் பொருள் இல்லாத வாட்னிக்குக் கொழுப்பும், வைட்டமின் ஏயும், பி12உம் கிழங்கிலிருந்து கிடைக்காது. அதை மாத்திரையும் மிச்சமிருக்கும் பொட்டல உணவும் ஈடுகட்டவேண்டும். கடைசியில் எலும்பும் தோலுமாக அவரைக் காட்டியது நேர்மையான காட்சி.

ராக்கெட் எரிபொருளிலிருந்து தண்ணீர் எடுப்பது நடக்கக்கூடியதா?

வேதியியல் முழுக்கச் சரி. எரிபொருளின் பெயர் ஹைட்ரசின். இரிடியம் உலோகத்தின் மீது படவிட்டால் அது நைட்ரஜனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரியும், கடும் வெப்பத்தோடு. செயற்கைக்கோள்களின் சிறு உந்துபொறிகள் இப்படித்தான் இயங்குகின்றன. பிரிந்த ஹைட்ரஜனை ஆக்சிஜனோடு எரித்தால் நீர். ஒரு கிலோ ஹைட்ரசினுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் நீர் கிடைக்கும். நடுவில் அம்மோனியாவும் உண்டாகும் என்பதையும், ஹைட்ரசின் ஆவி கொடிய நச்சு என்பதையும் படம் மேலோட்டமாகக் கடந்துபோகிறது. தான் வெளிவிடும் மூச்சிலும் ஆக்சிஜன் இருக்கிறது என்பதைக் கணக்கில் விட்டதால் வெடித்தது என்று வாட்னி சொல்வது அருமையான இடம். நாம் உள்ளிழுக்கும் ஆக்சிஜனில் கால் பங்கைத்தான் உடல் எடுத்துக்கொள்கிறது, மிச்சம் அப்படியே வெளியே போகிறது.

ஆனால் இவ்வளவு ஆபத்தில் இறங்கவே தேவை இருந்திருக்காது. கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய் மண்ணை அள்ளிச் சூடாக்கிப் பார்த்ததில், எடையில் சுமார் 2 சதவீதம் நீர் இருப்பது 2013இல் தெரியவந்தது. ஒரு கன மீட்டர் மண்ணிலிருந்து 30 லிட்டர் அளவுக்கு வரும். மண்ணை மூடி வைத்துச் சூடாக்கி ஆவியைக் குளிரவைத்தால் போதும். நாவல் வெளிவந்தபோது கியூரியாசிட்டி செவ்வாயில் இறங்கியிருக்கவில்லை.

மூச்சுவிட ஆக்சிஜன்?

அங்குள்ள காற்றில் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் கருவி படத்தில் வருகிறது. அது இப்போது கற்பனை அல்ல. பெர்சிவியரன்ஸ் ஊர்தியிலுள்ள மாக்ஸி என்ற பெட்டி 2021 முதல் 2023 வரை செவ்வாய்க் காற்றிலிருந்தே மொத்தம் 122 கிராம் ஆக்சிஜன் தயாரித்தது. ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை சுமார் 840 கிராம். அளவு சிறிது, ஆனால் வழி நிரூபணமாகிவிட்டது.

கதிரியக்கப் பொருளை வண்டிக்குள் வைத்துக் குளிர்காயலாமா?

அது புளூட்டோனியம்-238. அரை ஆயுள் 87.7 ஆண்டு. அது வெளியிடுவது பெரும்பாலும் ஆல்பா கதிர். ஒரு தாள் போதும், தடுத்துவிடும். உறை உடைந்து தூசு நுரையீரலுக்குள் போனால்தான் கேடு. கியூரியாசிட்டியின் மின்கலத்தில் இதே பொருள் 4.8 கிலோ அளவில் இருக்கிறது. தொடக்கத்தில் கிடைத்த மின்சாரம் 110 வாட், வீணான வெப்பமோ ஏறக்குறைய 2,000 வாட். வாட்னி பயன்படுத்தியது அந்த வீண் வெப்பத்தை. வண்டியின் ஹீட்டர் பாட்டரியில் பாதியைத் தின்னும் நிலையில் அதைவிட நல்ல யோசனை கிடையாது.

வெடித்துப் போன வாசலைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டுகிறாரே?

படத்தில் நான் ஏற்கவே முடியாத காட்சி இது. கூடாரத்துக்குள் நம் ஊர்க் காற்றழுத்தம் என்றால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் பத்து டன் விசை வெளிநோக்கித் தள்ளும். வாசல் மூன்று சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் முப்பது டன். ஆறேழு யானைகளின் எடையை அந்தத் தாளும் ஒட்டுநாடாவும் தாங்கவேண்டும். உள்ளே அழுத்தத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்தாலும் பத்து டன். இன்னொன்று: இரவில் காற்று வீசும்போது தாள் படபடக்கிறது. உள்ளே அழுத்தம் இருந்தால் அது ஊதிய லாரி டயர்போல விறைத்து வெளியே புடைத்து நிற்கவேண்டும். வெளிக்காற்றால் அதை அசைக்கவே முடியாது. நாவலில் கூடாரத் துணியையும் பிசினையும் கொண்டு அடைப்பார். அதை நம்பலாம்.

1997இல் போன பாத்ஃபைண்டரை உயிர்ப்பித்துப் பேசுவது சாத்தியமா?

பாத்ஃபைண்டர் உண்மையான கலம். 1997 ஜூலை 4 அன்று ஏரிஸ் பள்ளத்தாக்கில் இறங்கியது. அந்த செப்டம்பர் 27க்குப் பிறகு அதனிடமிருந்து முறையான தகவல் வரவில்லை. பாட்டரி ஓய்ந்து, உள்ளே சூடு குறைந்து போனது காரணமாக இருக்கலாம் என்றார்கள். அப்படியென்றால் சூடும் மின்சாரமும் கொடுத்தால் எழுந்துவிடுமா? பல ஆண்டுகள் தினமும் பகலில் விரிந்து இரவில் சுருங்கிய மின்சுற்றின் பற்றவைப்புகள் விரிசல்விடாமல் இருக்கவேண்டும். நான் பந்தயம் கட்டமாட்டேன். ஆனால் கலம் அங்கே இருக்கிறது, அதன் இரட்டைக் கருவி பூமியில் இருக்கிறது, எனவே முயன்று பார்ப்பதில் தவறே இல்லை.

பேசும் முறைதான் அழகு. பூமியிலிருந்து அனுப்பினால் கலத்தின் கேமரா திரும்பும். அவ்வளவுதான் வசதி. வட்டமாக அட்டைகளை நட்டு, எந்த அட்டையைக் கேமரா பார்க்கிறதோ அதுவே எழுத்து. ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறிக்கும் அட்டை வைத்தால் இரண்டு அட்டைகளுக்கு இடையே 13 டிகிரிதான் வரும். எதைப் பார்க்கிறது என்று தடுமாறவேண்டியிருக்கும். அதனால் வாட்னி பதினாறின் அடிமான எண்களுக்கு, அதாவது 0 முதல் 9 வரையும் A முதல் F வரையும் பதினாறே குறிகளால் எழுதும் முறைக்கு, மாறுகிறார். பதினாறு அட்டை, ஒரு கேள்விக்குறி: இடைவெளி 21 டிகிரி. ஓர் எழுத்துக்கு இரண்டு முறை திரும்பினால் போதும், ஏனென்றால் கணினியில் ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் அப்படி ஈரிலக்க எண் உண்டு. இதை வகுப்பில் செய்துபார்க்கச் சொல்வேன். ஒரு மாணவன் நடுவில் நின்று கேமராவாகத் திரும்ப, சுற்றி அட்டைகள். தமிழில் அனுப்பலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். யூனிகோடில் 'அ' என்ற எழுத்துக்கு நான்கு இலக்கம். நான்கு முறை திரும்பி, அவள் அந்த ஒரே எழுத்தை அனுப்பி முடித்தபோது வகுப்பே கைதட்டியது.

எல்லாரும் பூமியில் நடப்பதுபோலவே நடக்கிறார்களே?

ஆம், தவறு. செவ்வாயின் ஈர்ப்பு நம்முடையதில் 38 சதவீதம். இங்கே 60 கிலோ எடையுள்ளவர் அங்கே 23 கிலோ எடையை மட்டும் உணர்வார். காட்சிகள் ஜோர்டானின் வாடி ரம் பாலைவனத்தில் எடுக்கப்பட்டவை, ஈர்ப்பு அங்கே ஜோர்டானுடையதுதான். செலவு கருதி விட்டிருப்பார்கள்.

கதிர்வீச்சு அவரைக் கொன்றிருக்காதா?

உடனே கொன்றிருக்காது. கியூரியாசிட்டி அளந்தபடி செவ்வாய்த் தரையில் நாளொன்றுக்கு 0.65 மில்லிசீவெர்ட் அளவில் கதிர்வீச்சு. 550 நாளுக்குச் சுமார் 360. பூமியில் இயற்கையாக நாம் பெறுவது ஆண்டுக்குச் சராசரியாக 2.4 என்பதால், இது நூற்றைம்பது ஆண்டுப் பங்கு. புற்றுநோய் வாய்ப்பு கூடும்.

யாரும் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விண்வெளிப் பயணத்தில் கியூரியாசிட்டி அளந்தது நாளுக்கு 1.8 மில்லிசீவெர்ட், ஏறக்குறைய மூன்று மடங்கு. செவ்வாயில் நிற்பவருக்குக் காலடியிலுள்ள கோளே பாதி வானத்தை மறைத்துக் காக்கிறது. கலத்தில் இருப்பவர்களுக்கு அது இல்லை. வாட்னியை மீட்கத் திரும்பும் ஐவரும் கூடுதலாக 533 நாள் கலத்தில் இருக்க ஒப்புக்கொள்கிறார்கள். பெருக்கிப் பார்த்தால் 950ஐத் தாண்டும். வாழ்நாள் முழுமைக்கும் நாசா இப்போது வைத்திருக்கும் வரம்பு 600. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, அவர்கள் கைதூக்கிச் சம்மதிக்கும் காட்சியை என்னால் பழையபடி பார்க்க முடிந்ததில்லை.

பூமியைச் சுற்றி வேகமெடுத்துத் திரும்பும் யோசனை நிஜமா?

நிஜம். வால்மீனை ஆராயப் போன ரொசெட்டா கலம் 2005, 2007, 2009 ஆண்டுகளில் மூன்று முறை பூமியின் அருகே வந்து, அதன் ஈர்ப்பைப் பயன்படுத்தித் தன் பாதையை மாற்றியது. நாவலின் பாதைகளைக் கணக்கிட வியர் தானே ஒரு நிரல் எழுதிக்கொண்டார். படத்தில் வரும் கலத்தின் அயனி உந்துபொறியும் (மின்சாரத்தால் அயனிகளைப் பின்னால் வீசித் தள்ளுவது) இருக்கும் தொழில்நுட்பமே, ஆனால் மிகச் சிறிய அளவில். நாசாவின் டான் கலத்தின் அயனிப் பொறி கொடுத்த உந்துதல், ஒரு தாளைக் கையில் வைத்தால் உணரும் எடைதான். ஆறு பேர் வாழும் கலத்தைத் தள்ளப் பல மெகாவாட் மின்சாரம் வேண்டும். அப்படியோர் அணு உலை விண்வெளியில் இன்னும் பறக்கவில்லை.

கையுறையில் ஓட்டைபோட்டுப் பறக்க முடியுமா?

படத்தின் இறுதியில் வாட்னி செய்வது இது. ஓரளவு தள்ளும். உடைக்குள் அழுத்தம் வளிமண்டலத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றால், ஒரு சதுர சென்டிமீட்டர் ஓட்டை தரும் விசை 300 கிராம் எடைக்குச் சமம். பத்து விநாடியில் நொடிக்கு இருபது சென்டிமீட்டர் வேகம் கிடைக்கலாம். சிக்கல் திசை. கை உடலின் மையத்தில் இல்லாததால் பம்பரமாகச் சுழல்வார். நாவலில் வாட்னி இதைச் சொல்கிறார், குழுவின் தலைவி மறுத்துவிடுகிறார். அதுவே சரி.

பாத்ஃபைண்டர் இப்போது எப்படி இருக்கிறது?

செவ்வாயைச் சுற்றிவரும் ஆய்வுக்கலம் ஒன்றின் ஹைரைஸ் கேமரா 2006 டிசம்பரில் அதை மேலிருந்து படமெடுத்தது. தரையிறங்கியபோது கழன்ற பாராசூட்டும் பின்மூடியும் தனித்தனியே தெரிந்தன. கலத்தின் விரிந்த இதழ்களையும், சிறு ஊர்தி இறங்கி வந்த சரிவுப் பலகையையும்கூட அடையாளம் கண்டார்கள். ஒன்பது ஆண்டுப் புழுதி அதை மூடிவிடவில்லை. படத்தில் வாட்னி மணல்மேட்டைத் தோண்டி அதை வெளியே எடுக்கிறார். அன்று போயிருந்தால் மண்வெட்டியே தேவைப்பட்டிருக்காது, ஒரு துடைப்பம் போதும்.